ஊதியமும் நட்டஈடும்

உழைத்து உண்பதே உயர்வு என்று நம் முன்னோர் போற்றினர். அவ்வுழைப்புக்கு முதற் கருவி உடம்பு. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்னும் பழமொழியை நாம் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். ஆனால் சுவரின் ஒரு பகுதி இடிந்துவிட்ட பின்னும், எஞ்சிய இடத்தில் சித்திரம் எழுதத் துணிவோர் நம்மிடையே பலர் உளர். இயந்திரத்தில் விரலை இழந்தவர் மறு மாதமே பட்டறைக்குத் திரும்புகிறார். வண்டி மோதிக் கால் ஒடிந்தவர் ஊன்றுகோலின் துணையோடு அலுவலகப் படிகளில் ஏறுகிறார். இத்தகையோரின் உரிமையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இவர்கள் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. 'வேலைக்குப் போய்விட்டால் நட்டஈடு கேட்கும் உரிமை போய்விடுமோ?' என்பதே அந்த ஐயம். அதற்குத் தெளிவான விடை கிடைக்காமையால் இருவகைத் தீங்கு விளைகிறது. சிலர், வழக்கு முடியும்வரை வேலைக்குப் போகலாகாது என்று எண்ணி வீட்டிலேயே முடங்கிக் கடன்படுகின்றனர். வேறு சிலர், 'வேலை திரும்பக் கிடைத்ததே பெரிது, வழக்கு எதற்கு?' என்று தமக்குரியதைக் கைவிடுகின்றனர். உழைப்பும் உரிமையும் ஒன்றுக்கொன்று பகை என்னும் ஒரே எண்ணத்தின் இரு கிளைகளே இவை. இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்று பார்ப்போம்.

இழந்த உடம்புக்கும் உயிருக்கும் ஈடு செய்யும் கருத்து நமக்குப் புதியது அன்று. போரில் உயிர் நீத்த வீரனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தை 'உதிரப்பட்டி' என்று நம் கல்வெட்டுகள் குறிக்கின்றன. சிந்திய உதிரத்துக்கு ஊர் பட்ட கடனை அச்சொல் நினைவூட்டுகிறது. ஆனால் நீராவி இயந்திரம் வந்து, ஆயிரக்கணக்கானோர் ஆலைகளில் உழைக்கத் தொடங்கிய காலத்தில், இக்கடனை ஏற்க எவரும் முன்வரவில்லை. 1837-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இறைச்சிக் கடைப் பணியாள் ஒருவன், மிகுதியாகப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து காயமுற்றான். அவன் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் முதலாளியின் பக்கமே நின்றது. வேலையை ஏற்றவன் அதன் ஆபத்தையும் ஏற்றவனே என்னும் கொள்கை அதன்பின் நெடுங்காலம் ஆட்சி செய்தது.

அக்கொள்கை மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஜெர்மனி 1884-இல் தொழில் விபத்துக் காப்புறுதிச் சட்டம் செய்தது. இங்கிலாந்து 1897-இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இயற்றியது. நம் சென்னையில் 1918 ஏப்ரலில் பி. பி. வாடியா, திரு. வி. க. முதலியோரின் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் தொடக்கம் அதுவே என்பர். ஐந்தாண்டு கழித்து, 1923-இல், தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இந்தியாவுக்கும் வந்தது. 1924 ஜூலை முதல் நாளில் அது நடைமுறை கண்டது. யார் குற்றம் என்னும் கேள்வியைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தமையே அதன் சிறப்பு. வேலையின் பொருட்டும் வேலையின் போக்கிலும் விபத்து நேர்ந்ததா என்பதே முதன்மையான கேள்வி ஆயிற்று. ஏறத்தாழ நூறாண்டு வழக்கிலிருந்த அச்சட்டத்தின் இடத்தை, 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் ஏற்றுக்கொண்டது. தொகைகளும் உச்சவரம்புகளும் அரசின் அறிவிப்பால் காலந்தோறும் மாறத்தக்கவை. அடிப்படை நெறிகள் பெரும்பாலும் பழையனவே.

இனி நம் கேள்விக்கு வருவோம். அதன் விடை ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. நிலையான உடற்குறைக்கு நட்டஈடு கணக்கிடும்போது இச்சட்டம் பார்ப்பது 'ஊதியம்' அன்று. 'ஊதியம் ஈட்டும் திறன்'. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஊதியம் என்பது இன்று, இந்த இடத்தில், இந்த முதலாளியிடம் நான் பெறுவது. ஈட்டும் திறனோ, எங்கும் என்றும் நான் விலை கூறத்தக்க உடைமை. விபத்து நேர்ந்த காலத்தில் நான் செய்யத்தக்கவராயிருந்த எல்லா வேலைகளையும் கருதி அது மதிக்கப்படுகிறது. இன்றைய முதலாளி இரக்கத்தால் அதே சம்பளம் தரலாம். நாளை அவர் கடையை மூடினால், குறையுற்ற கையோடு நான் வேறு வாயிலில் நிற்க வேண்டும். அந்த நாளையும் எண்ணிப் பார்த்தே சட்டம் பேசுகிறது.

நான் வாழும் ஆழ்வார்பேட்டை, பெரிய ஆலைகள் நிறைந்த பகுதி அன்று. பழைய மௌபரீஸ் சாலை இன்று டி.டி.கே. சாலை எனப் பெயர் பெற்றிருக்கிறது. அங்கும் அதன் கிளைத் தெருக்களிலும் மருத்துவமனைகள், உணவுக் கடைகள், எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடங்கள், சிறு பட்டறைகள் ஆகியவற்றில் உழைப்போர் பலர். அத்தகைய சிறு அச்சகம் ஒன்றில் ஏழு பேரோடு பணியாற்றிய இளைஞர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். வயது 25, மாதச் சம்பளம் 10,000 ரூபாய். தாள் வெட்டும் இயந்திரத்தில் வலக்கைச் சுட்டுவிரல் முழுவதையும் இழந்திருந்தார்.

"ஐயா, வரும் திங்கள்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வெட்டும் வேலை வேண்டாம், தாள் மடிக்கும் வேலை பார் என்கிறார்கள். சம்பளம் அதேதான். ஆனால் வேலைக்குப் போனால் கேஸ் நிற்காது, ஆறு மாதம் வீட்டில் இரு என்று அம்மா சொல்கிறார்கள். என்ன செய்வது?" என்று கேட்டார்.

"தம்பி, மருத்துவர் போகலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரா?" என்றேன்.

"கொடுத்திருக்கிறார் ஐயா."

"அப்படியானால் வேலைக்குப் போ. மனுவையும் கொடு. ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை" என்றேன்.

அவர் வேலைக்குப் போனார், மனுவையும் எழுதினார். செய்தி தெரிந்ததும் அச்சக உரிமையாளர் முகம் சுளித்தார். "அதே சம்பளம் கொடுக்கிறேனே, உனக்கு என்ன நட்டம்?" என்று கேட்டார். உடன் உழைப்போரிலும் சிலர், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறான் என்று பேசினர். தினமும் அதே கூரையின்கீழ் நின்று அப்பேச்சைக் கேட்டுக்கொண்டு வேலை பார்ப்பது எளிதன்று. வழக்கின் சுமையைவிட அதுவே பெரிய சுமை. எனினும் அவர் கடுமொழி பேசவில்லை. ஒரு நாளும் வேலைக்குத் தவறவில்லை.

அவருடைய கணக்கைப் பாருங்கள். கணிதம் கற்கும் மாணவர்களுக்கு இது கடினமன்று. சட்டத்தின் அட்டவணை ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு விழுக்காடு வகுத்திருக்கிறது. பெருவிரல் முழுவதையும் இழந்தால் 30 விழுக்காடு. சுட்டுவிரல் முழுவதற்கும் 14 விழுக்காடு. அட்டவணையில் உள்ள காயத்துக்கு அந்த அளவு திறன் இழப்பு நேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். சம்பளம் குறைந்ததா என்று தேட வேண்டியதில்லை. மாதச் சம்பளத்தில் 60 விழுக்காடு 6,000 ரூபாய். அதனை 25 வயதுக்குரிய 216.91 என்னும் எண்ணால் பெருக்கினால் 13,01,460 ரூபாய் வரும். அதில் 14 விழுக்காடு, ஏறத்தாழ 1,82,204 ரூபாய். உரிய காலத்தில், அதாவது ஒரு மாதத்துக்குள், முதலாளி கொடுக்கத் தவறினால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும் சேரும் என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்தது.

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகம் ஆழ்வார்பேட்டைக்கு அண்மையது. அங்கு விசாரணைக்கு வந்தபோது உரிமையாளர் இக்கணக்கைக் கேட்டறிந்தார், உடன்பாட்டுக்கு இசைந்தார். அவ்வுடன்பாடு முறையாகப் பதிவு செய்யப்பட்டது. அவ்விளைஞர் அதன்பின்னும் அதே அச்சகத்தில் பணியாற்றினார். உரிமை கேட்பது உறவை முறிப்பதாகவே முடிய வேண்டும் என்பதில்லை.

அந்த அச்சகம் சிறியதாதலின் வழக்கு இவ்வாறு சென்றது. தொழிலாளர் அரசுக் காப்புறுதித் திட்டத்துக்கு உட்பட்ட நிறுவனமாயின் வழி வேறு. ஆங்கிலத்தின் முதலெழுத்துகளால் இ.எஸ்.ஐ. என்று எல்லோரும் அறிந்த திட்டம் அது. 1948-இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1955-இல் கோவையில் அடி வைத்தது. இத்திட்டத்தில் சேர்ந்தவர் அதே காயத்துக்காக முதலாளியிடம் தனியே நட்டஈடு கேட்க இயலாது. காப்புறுதிக் கழகமே உதவி வழங்கும்.

இத்திட்டம் வகுத்துள்ள ஒரு வேறுபாடு நம் கேள்விக்கு அழகிய விளக்கம் ஆகிறது. காயம் ஆறும்வரை வேலை செய்ய இயலாத நாட்களுக்குத் தற்காலிக உதவித்தொகை உண்டு. அது ஊதியத்தில் 90 விழுக்காடு. வேலைக்குத் திரும்பி ஊதியம் பெறும் நாளில் அவ்வுதவி நின்றுவிடும். ஒரே நாளுக்கு இரண்டும் பெறலாகாது; பொய் கூறிப் பெறுவது தண்டனைக்குரியது. ஆனால் விரலோ கண்ணோ நிலையாகக் குறைவுற்றதென மருத்துவக் குழு முடிவு செய்தால், அதற்குரிய மாத உதவி வாழ்நாள் முழுவதும் வரும். அவர் வேலை செய்தாலும் வரும். முழு ஊதியம் பெற்றாலும் வரும். முன்னது இழந்த நாளுக்கு ஈடு. பின்னது இழந்த உறுப்புக்கு ஈடு. நாள் திரும்பக் கிடைத்தால் முன்னது நிற்கிறது. உறுப்பு திரும்பக் கிடைப்பதில்லை. ஆதலின் பின்னது தொடர்கிறது.

சாலை விபத்துகளுக்கு வேறு நெறி உண்டு. அங்கு மனு செய்வது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில். எதிராளி வண்டியின் உரிமையாளரும் காப்புறுதி நிறுவனமும். சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறுவழக்கு நீதிமன்றங்கள் இத்தீர்ப்பாயங்களாகச் செயற்படுகின்றன. இங்கு அட்டவணையின் விழுக்காடு மட்டும் போதாது. அக்காயம் அம்மனிதரின் வாழ்வையும் தொழிலையும் எவ்வாறு தாக்கியது என்று ஆராய வேண்டும்.

இதனை உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் வழங்கிய ஒரு தீர்ப்பு தெளிவாக விளக்கியது. இடக்கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால், அவர் தம் தொழிலையே இழந்தவர் ஆகலாம். அதே கையை இழந்தவர் அரசு அலுவலக எழுத்தராக இருந்து, அதே பணியில் தொடர்ந்தால், அவருடைய வருவாய் இழப்பு மிகக் குறைவு. சில வேளை அத்தலைப்பில் தொகையே வேண்டியதில்லாமலும் போகலாம். இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அத்தகையவர்க்கும் வாழ்வின் இன்பங்களை இழந்தமைக்கு ஈடு உண்டு என்று அத்தீர்ப்பே கூறுகிறது. தம் குழந்தையை இரு கையாலும் தூக்க இயலாத தந்தையின் இழப்பு சம்பளப் பட்டியலில் தெரிவதில்லை அன்றோ? பட்ட வலிக்கும், மருத்துவச் செலவுக்கும், சிகிச்சைக் காலத்து வருவாய் இழப்புக்கும் தனித்தனியே தலைப்புகள் உண்டு. பணியில் தொடர்ந்தும், குறைந்த சம்பளமுள்ள வேறு பணிக்கு மாற்றப்பட்டால், அந்த அளவுக்கு வருவாய் இழப்புக்கும் ஈடு வழங்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது.

தொழிலைக் கருதாமல் உறுப்பை மட்டும் எண்ணும் முறையை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. ஒடிசா மாநிலத்தில் 1968-இல் தச்சர் ஒருவர் வேலையிடத்தில் விழுந்து, இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்தார். ஒரு கையோடு தச்சு வேலை செய்ய இயலாது. ஆகவே அவருடைய இழப்பு முழு இழப்பே என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் தீர்ப்பளித்தது. 2020-இல், வலக்கையை இழந்த இளந் தட்டச்சாளர் ஒருவரின் வழக்கில், கீழ்நீதிமன்றம் குறைத்த அளவை உயர்த்தியது. விரல்களே கருவியான ஒருவருக்குக் கை இழப்பின் பொருள் என்ன என்று அது எண்ணிப் பார்த்தது.

பணியில் தொடர்வதும் ஓர் உரிமையே என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். பணிக்காலத்தில் உடற்குறை எய்திய அரசுப் பணியாளரை அக்காரணம் பற்றி நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் கூறிவிட்டது. பழைய பணிக்கு அவர் ஏற்றவர் அல்லராயின், அதே ஊதியத்தோடு வேறு பணி தர வேண்டும். பேருந்து ஓட்டும் வேலைக்குக் கண்பார்வை போதாதவர்க்கும் அலுவலகத்தில் ஓர் இருக்கை உண்டு என்பது இதன் பொருள்.

மாணவர்களே, இது தொழிலாளிக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணி விடாதீர்கள். உங்களிற் பலர் நாளை தொழிற்பயிற்சிக்குச் செல்வீர்கள். பயிற்சியின்போது காயமுற்ற தொழிற்பழகுநர்க்கும் நட்டஈடு உண்டு என்பதை 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் உறுதி செய்தது. சிலர் படிக்கும்போதே மாலை வேளையில் உணவுப் பொட்டலங்களை இருசக்கர வண்டியில் கொண்டுசென்று கொடுக்கிறீர்கள். உங்களை வேலைக்கு வைத்தவர் யார் என்பதில் குழப்பம் இருக்கலாம். மோதிய வண்டியின் உரிமையாளர் யார் என்பதில் குழப்பம் இல்லை. தவறு அவ்வண்டியின் பக்கம் இருந்தால் தீர்ப்பாயத்தின் கதவு உங்களுக்கும் திறந்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், வேலையின் போக்கில் நேர்ந்ததாகவே கருதப்படும் என்று புதிய சட்டத் தொகுப்பு கூறுகிறது.

இனி, காயமுற்றும் வேலையை விடாதவர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கைச் சொல்கிறேன். விபத்து நேர்ந்த அன்றே, இயலாவிடின் அடுத்த நாட்களிலேனும், முதலாளிக்கு எழுத்து வடிவில் அறிவித்து, படியொன்றை வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் காயம் எங்கே, எப்படி நேர்ந்தது என்பது சரியாக எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். சாலை விபத்தாயின் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையும் வேண்டும்.

மருத்துவர் சொல்லுக்கு அடங்கி நடப்பது அடுத்தது. அவர் ஓய்வு கொள் என்ற காலத்தில், வீரம் காட்டி வேலைக்கு ஓடுதல் ஆகாது. காரணமின்றி மருத்துவர் கட்டளையை மீறியதால் காயம் முற்றினால், அவ்வாறு முற்றிய பகுதிக்கு ஈடு மறுக்கப்படலாம். இலகுவான வேலை செய்யலாம் என்று அவர் எழுதினால், அக்குறிப்பை முதலாளியிடம் காட்டி அத்தகைய வேலையே கேட்க வேண்டும். சிறிய குறிப்பேடு ஒன்றும் உடன் இருக்கட்டும். எந்நாள் விடுப்பு எடுத்தோம், எந்த வேலையை முன்போல் செய்ய இயலவில்லை, மிகைநேர ஊதியம் எவ்வளவு குறைந்தது என்பனவற்றை அவ்வப்போது எழுதி வைத்தால், இரண்டாண்டு கழித்து நினைவு தடுமாறும்போது அக்குறிப்பேடே சாட்சி சொல்லும்.

'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டால், படிக்காமல் இடலாகாது. நட்டஈட்டு உரிமையைத் துறக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1923 முதலே சட்டத்தின் நெறி. ஆயினும் இடாத கையெழுத்துக்கு விளக்கம் கூற வேண்டிய தொல்லை இல்லை. காலத்தையும் மறவாதீர்கள். வேலையிட விபத்துக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு ஆண்டு வரம்பு வகுத்தது. சாலை விபத்துக்கு ஆறு மாதம் என்னும் வரம்பு 2022 ஏப்ரல் முதல் வந்தது. அதன் நியாயம் பற்றி உச்ச நீதிமன்றம் வரை வாதம் நிகழ்ந்திருக்கிறது. வாதத்தை அறிஞர்க்கு விட்டுவிட்டு, ஆறு மாதத்துக்குள் மனுச் செய்துவிடுவதே அறிவுடைமை. வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோர்க்கு இலவசச் சட்ட உதவி 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. மாவட்டந்தோறும் அதற்கென ஆணைக்குழு உண்டு.

இவை யாவற்றினும் மேலானது உண்மை. வேலைக்குப் போய்க்கொண்டே 'படுத்த படுக்கையாய் இருக்கிறேன்' என்று மனுவில் எழுதுபவர் தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். வருகைப் பதிவேடு ஒன்றே அவரைப் பொய்யர் ஆக்கிவிடும். அவரால் உண்மையாகவே துன்புற்ற மற்றவரும் ஐயத்துக்கு ஆளாகின்றனர். 'வேலைக்குப் போகிறேன், ஆனால் முன்பு ஒரு மணியில் முடித்ததை இப்போது இரண்டு மணியில் முடிக்கிறேன், மாலையில் கை மரத்துப் போகிறது' என்று உள்ளதை உள்ளபடி கூறுபவரின் சொல்லுக்கு வலிமை மிகுதி. வேலைக்குத் திரும்பியவர் என்பதே அவருடைய நேர்மைக்குச் சான்றாகவும் அமையும்.

இதில் முதலாளிமார்க்கும் ஒரு பங்கு உண்டு. காயமுற்றவனை மீண்டும் சேர்த்துக்கொள்வது நல்ல செயல். அந்த நன்மையை அவன் உரிமைக்கு விலையாகக் கேட்பது நல்ல செயல் ஆகாது. ஊதியம் இன்றைய உழைப்புக்குக் கொடுப்பது. நட்டஈடு நேற்றைய இழப்புக்குக் கொடுப்பது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கழித்துக்கொள்ளக் கணக்கு நூல் எதுவும் இடம் தராது.

நட்டஈடு பிச்சை அன்று. சோம்பலுக்குப் பரிசும் அன்று. நாம் உண்ணும் உணவிலும், நடக்கும் சாலையிலும், வாழும் வீட்டிலும், படிக்கும் புத்தகத்திலும் யாரோ ஒருவருடைய விரல்களின் உழைப்பு கலந்திருக்கிறது. அவ்விரல்களுள் ஒன்று போனால், அவ்விழப்பை அவர் ஒருவரே சுமக்க விடாமல், பயன் பெற்ற எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே இச்சட்டங்கள். எஞ்சிய விரல்களால் அவர் தொடர்ந்து உழைப்பது அவர் பெருமை. அவ்வாறு உழைப்பவரை நோக்கி, 'உனக்குத்தான் வேலை இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?' என்று கேளாதிருப்பது நம் கடமை. கற்றவர்களாகிய நீங்கள் உங்கள் தெருவில் இக்கேள்வி எழும்போது உரிய விடையைக் கூறுங்கள். வேலைக்குப் போவதும் உரிமை. நட்டஈடு கேட்பதும் உரிமை. இரண்டையும் ஒருங்கே கொண்டவர் எவர்க்கும் தலை குனிய வேண்டியதில்லை.